பாம்புக்கு இருமத் தெரியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரச் செல்லப்பிராணிகள் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர், தன்னுடைய பால் பைத்தான் (ball python, வீட்டில் வளர்க்கப்படும் ஒரு சிறு மலைப்பாம்பு) மூச்சு விடும்போது இரண்டு வாரமாக ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கிறது, இரையும் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தார். பதில் இரண்டே வரி. சளிதான், கூண்டில் சூட்டைக் கூட்டுங்கள், தானாகச் சரியாகிவிடும். படித்ததும் எனக்குப் பகீரென்றது, ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முன்னால் இதே பேச்சை நம்பி நான் ஒரு மாதத்தைத் தொலைத்திருக்கிறேன்.

சளிதானே என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். நமக்கு இருமலாம், தும்மலாம், மூக்கைச் சிந்தலாம். பாம்புக்கு உதரவிதானமே (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை இயக்கும் தசை) கிடையாது, விலா எலும்புகளை அசைக்கும் தசைகளை வைத்துத்தான் அது மூச்சை இழுத்து விடுகிறது, அதனால் உள்ளே இருப்பதை இருமித் தள்ள அதற்கு வழியில்லை. பெரும்பாலான பாம்புகளில் வேலை செய்வது வலது நுரையீரல் ஒன்றுதான் (மலைப்பாம்பு, போவா வகைகளுக்கு இடதும் இருக்கிறது, ஆனால் சின்னது). நீளமான பை மாதிரியான அந்த நுரையீரலின் முன்பகுதியில்தான் காற்று ரத்தத்தோடு கலக்கிறது, பின்பகுதி கிட்டத்தட்ட வெறும் காற்றுப்பை. சளியும் சீழும் அங்கே போய்த் தேங்கினால் தேங்கியதுதான். அதுவும் ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதைப் போல நீர்த்து ஓடாது, கெட்டித் தயிரைப் பிழிந்தெடுத்த மாதிரி இறுகிக் கிடக்கும். ஆகவே மூக்குத் துளையில் ஒரு குமிழி நம் கண்ணில் படுகிறது என்றால் உள்ளே கதை தொடங்கிப் பல நாள் ஆகியிருக்கும். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள், அதன் சளியை மட்டும் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எதைப் பார்ப்பது? என் பாம்பில் முதலில் தெரிந்தது சத்தம்கூட இல்லை, கூண்டின் கண்ணாடியில் அங்கங்கே காய்ந்துபோன எச்சில் இழுப்பு மாதிரி கறைகள். துடைத்துவிட்டு மறந்துவிட்டேன். அப்புறம் இரையை மறுத்தது. அது பட்டினி கிடப்பதற்குப் பேர்போன இனம், எனவே அதையும் விட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் தலையையும் கழுத்தையும் சுவரில் சாய்த்து மேலே தூக்கியபடியே கிடக்க ஆரம்பித்தது, அது மூச்சுக்காகத் தவிக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. வாய் லேசாகத் திறந்தே இருப்பது, வாய்க்குள் நூல் நூலாக எச்சில் ஒட்டுவது, மூச்சோடு சேர்ந்து விசில், குறட்டை, கொப்பளிப்புச் சத்தம், இவையெல்லாம் வந்துவிட்டால் காத்திருக்க எதுவும் இல்லை. அதற்காக எல்லாச் சத்தத்துக்கும் பயப்படவும் வேண்டாம். சட்டை உரிக்கப்போகும் நாட்களில் மூக்குத் துளையில் பழைய தோல் ஒட்டி விசில் அடிக்கும், உரித்ததும் நின்றுவிடும். இரை விழுங்கியபின் தாடையைச் சரிசெய்துகொள்ள ஒன்றிரண்டு முறை கொட்டாவி விடும், அது சகஜம். சந்தேகம் இருந்தால் பாம்பைக் காதருகே பிடித்துக் கேட்டுப் பாருங்கள், ஆனால் வாயை நீங்களே நெம்பித் திறக்காதீர்கள்.

சரி, சூட்டைக் கூட்டுவது தப்பா? பாதி சரி, அதனால்தான் அது ஆபத்தான ஆலோசனையாகிவிடுகிறது. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதன் நோய் எதிர்ப்புச் சக்தியும் மந்தமாகிவிடும். நிறையப் பாம்புகளுக்கு மூச்சுத் தொற்று வருவதே குறைந்த சூட்டில் வாரக்கணக்காகக் கிடந்துதான். என் கூண்டிலும் அதேதான் நடந்தது. கண்ணாடியில் ஒட்டிய வட்ட வெப்பமானி 32 டிகிரி காட்டிக்கொண்டே இருந்தது, டிஜிட்டல் வெப்பமானியின் முனையைப் பாம்பு படுக்கும் தரையில் வைத்துப் பார்த்தால் 26. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி வேண்டும், குளிர்ந்த பக்கம் 26 வாக்கில் இருக்கலாம், ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி. எந்தப் பக்கம் வேண்டும் என்று பாம்பு தானே முடிவு செய்ய வேண்டும். சூட்டைக் கூட்டுகிறேன் என்று முழுக் கூண்டையும் அடுப்பாக்கி, காற்றுத் துளைகளையும் அடைத்து வைத்தால் உடம்பில் நீர் வற்றிச் சளி இன்னும் இறுகும். இன்னொரு பக்கம், ஈரப்பதம் வேண்டும் என்று விரிப்பைச் சொதசொதவென்று நனைத்து வைப்பவர்களும் உண்டு, காற்றோட்டம் இல்லாத ஈரம் கிருமிக்குத்தான் விருந்து. ஆனால் வெறும் சூடு, நுரையீரலில் ஏற்கெனவே குடியேறிவிட்ட பாக்டீரியாவை விரட்டாது. அந்த இடத்தில் ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவர்தான் வேண்டும்.

நான் முதலில் போன இடத்தில் பாம்பை மேசையில் வைக்கவே விடவில்லை, தூரத்திலிருந்து பார்த்து ஏதோ மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவதாகப் பார்த்தவர் முதலில் செய்தது எடை பார்த்தது, மருந்தின் அளவு பாம்பின் எடையை வைத்துத்தான் போடப்படுகிறது. அப்புறம் எக்ஸ்ரே. அப்புறம் வாயின் அடித்தளத்தில் இருக்கும் மூச்சுத் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கொஞ்சம் உப்புநீரைச் செலுத்தித் திரும்ப உறிஞ்சி, எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்கு மடங்கும் என்று பார்க்க அனுப்பினார். வந்தது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. இந்த வகைக் கிருமிகள் பல மருந்துகளுக்கு மசியாது, குத்துமதிப்பாகக் கொடுக்கும் மாத்திரை அங்கே பலிக்காது. செஃப்டாசிடிம் என்ற ஆண்டிபயாட்டிக் ஊசி, 72 மணி நேரத்துக்கு ஒரு முறை, உடம்பின் முன்பகுதித் தசையில். பின்பகுதி ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழியில் சிறுநீரகத்தைத் தொட்டுப் போவதால் அங்கே போட்டால் மருந்து வீணாகலாம் என்று விளக்கினார். பத்து ஊசி, கூடவே நெபுலைசர். நாலாவது ஊசியிலேயே சத்தம் நின்றுவிட்டது, நிறுத்திவிடலாமா என்று கேட்டுத் திட்டு வாங்கினேன். மருந்தின் அளவை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர் மருந்தைக் கரைத்து ஊற்றுவது, தைலம் போட்டு ஆவி பிடிக்க வைப்பது, தெம்பு வரட்டும் என்று இரையைத் திணிப்பது, மூன்றுமே கெடுதல்.

இன்னொன்று, அந்தப் பதிலில் வைரஸ் என்ற சொல்லே இல்லை. 2014இல் பால் பைத்தான்களின் நிமோனியாவில் ஒரு நிடோவைரஸ் கண்டறியப்பட்டது, இப்போது அந்த வகை வைரஸ்களைச் செர்பென்டோவைரஸ் என்கிறார்கள். ஆண்டிபயாட்டிக் அதைத் தொடாது, அதன் மேல் ஏறும் பாக்டீரியாவைத்தான் அடக்கும். வெளியே ஒரு அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்காக வைரஸைப் பரப்பும் பாம்புகளும் இருக்கின்றன. வாயில் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுக்கும் பிசிஆர் பரிசோதனையில் இது தெரியும். ஒன்றுக்கு மேல் பாம்பு வைத்திருப்பவர்கள், ஊசி போட்டும் திரும்பத் திரும்பச் சளி வந்தால், இந்தப் பரிசோதனையைத் தாங்களே கேட்டு வாங்க வேண்டும். புதிதாக வரும் பாம்பு குறைந்தது 90 நாள் வேறு அறையில், வேறு இடுக்கி, வேறு தண்ணீர்க் கிண்ணத்தோடு இருக்கட்டும், அதைக் கடைசியாகக் கவனித்துவிட்டுக் கை கழுவுங்கள். உடம்பில் ஊரும் கருப்பு உண்ணிகளையும் பாருங்கள், கூண்டுக்குக் கூண்டு கிருமியைச் சுமந்து போகும் என்ற சந்தேகம் அவற்றின் மேலும் உண்டு.

என் பாம்பு பிழைத்தது, ஆனால் 1,400 கிராமிலிருந்து 1,150க்கு இறங்கியிருந்தது, பழைய எடைக்கு வர எட்டு மாதம் ஆனது. அந்த வாசகரின் முகவரி உங்களிடம் இருக்கும். அடுத்த வாரம் திருத்தம் போடுவது இருக்கட்டும், அதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று விசாரியுங்கள், இரண்டு வாரம் ஏற்கெனவே போய்விட்டது.

இப்படிக்கு,
பாம்பு வளர்க்கும் ஒரு வாசகர்