ஐபோனா, ஆண்ட்ராய்டா? தீபாவளிக்கு முன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கிவிட்டது. போனஸ் கைக்கு வரும் இந்த வாரங்களில் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: ஐபோன் வாங்கலாமா, ஆண்ட்ராய்டு போதுமா? கூட்டம் நிற்கும்போது நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை. ஆகவே சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்கும், சுற்றுத் தோட்டங்களிலிருந்து வந்து போகிறவர்களுக்கும் எங்கள் கருத்தை எழுத்தில் தருகிறோம். இரண்டையும் நாங்கள் விற்கிறோம், இரண்டையும் பழுது பார்க்கிறோம். ஒன்றைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கைப்பேசியைப் பயன்படுத்தப் போகிறவர் யார், சிக்கல் வந்தால் வீட்டில் அவருக்கு யார் சொல்லித் தருவார்கள் என்று பார்த்து வாங்குங்கள். அம்மாவுக்கு வாங்குகிறீர்களா? அவருக்கு உதவி செய்கிற மகளிடம் எது இருக்கிறதோ அதையே வாங்குங்கள். மகள் கிள்ளானில் வேலை செய்கிறாள், ஐபோன் வைத்திருக்கிறாள் என்றால், அம்மாவின் ஆண்ட்ராய்டில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தொலைபேசியில் அவளால் சொல்ல முடியாது. கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட இது நூறு மடங்கு முக்கியம்.

ஐபோனில் ஓடும் ஐஓஎஸ் இயங்குதளத்தை ஆப்பிள் வேறு எந்த நிறுவனத்துக்கும் தருவதில்லை. ஆண்ட்ராய்டு கூகுளுடையது. சாம்சுங், ஷாவ்மி, ஓப்போ, விவோ முதலிய நிறுவனங்கள் அதை எடுத்துத் தங்கள் கருவிகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கின்றன. அதனால் 500 வெள்ளிக்கும் (ரிங்கிட்) ஆண்ட்ராய்டு உண்டு, 5,000 வெள்ளிக்கும் உண்டு. ‘ஆண்ட்ராய்டு என்றாலே மெதுவாகிவிடும்’ என்று சொல்பவர்களின் கையில் பெரும்பாலும் நினைவகம் குறைந்த மலிவுக் கருவி இருக்கும். அதைக் கொண்டுபோய் நான்காயிரம் வெள்ளி ஐபோனோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஹுவாவே கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2019-இல் அமெரிக்கா விதித்த தடைக்குப் பிறகு வந்த அதன் புதிய மாடல்களில் கூகுள் சேவைகள் உள்ளிணைந்து வருவதில்லை. உங்கள் வங்கிச் செயலி அதில் ஓடுமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அன்றாட வேலைகளில் பலவற்றுக்கு வித்தியாசமே கிடையாது. புலனம் (வாட்ஸ்அப்), யூடியூப், டுயிட்நவ் கியூஆர் வழியாகக் கடையில் பணம் செலுத்துவது, வங்கிச் செயலி, பள்ளிக் குழுவில் வரும் அறிவிப்பு, எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோலவே நடக்கும். வித்தியாசம் இருக்கும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

தமிழைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இன்னும் உலவுகிறது. ஐபோனில் தமிழ் எழுதத் தனியாக ஏதாவது செயலி வாங்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதல் அஞ்சல், தமிழ்99 ஆகிய இரண்டு விசைமுகங்களும் ஐபோனுக்குள்ளேயே இருக்கின்றன. அமைப்புகளில் போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும். இதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. 1985-இல் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் நம் மலேசிய நாட்டுக்காரர். கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பச் செல்லினத்தை 2005-இல் கொண்டுவந்தவரும் அவரே. ஐபோனில் உள்ள தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவும் அவர் வடிவமைத்தது. இந்த ஊர்த் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எழுதுவது ஒரு பக்கம், பட்டியல்களும் அமைப்புகளும் தமிழில் தெரிவது இன்னொரு பக்கம். இதில் ஆண்ட்ராய்டு வெகுகாலம் முன்னே இருந்தது. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதலே கைப்பேசியின் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஐபோனுக்கு அந்த வசதி 2025-இல், ஐஓஎஸ் 18.4 வந்தபோதுதான் கிடைத்தது. பேசினால் எழுத்தாக மாற்றிக்கொடுக்கும் கூகுள் குரல் தட்டச்சில் மலேசியத் தமிழுக்கென்று தனித் தெரிவே இருக்கிறது. எழுதிப் பழக்கமில்லாத தாத்தா பாட்டிகளுக்கு நாங்கள் இதைத்தான் முதலில் காட்டுகிறோம். இடையிடையே மலாய்ச் சொல் கலந்தால் அது தடுமாறும். கொஞ்சம் நிறுத்திப் பேசினால் பேத்திக்கு அனுப்பும் செய்தி ஒழுங்காகவே வந்து விழுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் தேர்வு ஆண்ட்ராய்டு.

ஐபோன் தெளிவாக முந்தி நிற்கும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். செம்பனைக் குலை அறுப்பவர்களுக்கும் பால்மரம் வெட்டுகிறவர்களுக்கும் விரல் ரேகை தேய்ந்து போயிருக்கும். புதுக் கைப்பேசியில் ரேகை பதியும்போது திரையில் வளையம் பாதி நிரம்பி அப்படியே நின்றுவிடும். விரலைத் துடைத்துவிட்டு மீண்டும் வைக்கச் சொல்லி அது கேட்டுக்கொண்டே இருக்கும். விரலில் அழுக்கு இருக்காது, படிக்கத்தான் ரேகை இருக்காது. உழைத்துத் தேய்ந்த கையைக் கருவி ஏற்க மறுக்கும்போது அவர்கள் கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொள்வதைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஐபோனின் முக அடையாளம் இவர்களுக்குப் பெரிய உதவி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் பாய்ச்சி அது ஆழத்தை அளக்கிறது. விடியுமுன் இருட்டிலேயே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கும் திறக்கும். எஸ்இ வரிசையிலும் ஐபோன் 8 வரையுள்ள பழையவற்றிலும் இது கிடையாது, அவற்றில் விரல் ரேகைதான். விலை குறைந்த ஆண்ட்ராய்டுகளில் உள்ள முகத்திறப்பு முன்கேமரா பிடிக்கும் படத்தை மட்டுமே நம்புகிறது. பல வங்கிச் செயலிகள் அதை ஏற்பதில்லை. ஐபோன் வாங்க வசதிப்படாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அதிகம் தேயாத சுண்டுவிரலைப் பதிந்து பாருங்கள், அதுவும் எடுக்கவில்லை என்றால் ஆறு இலக்க எண் போடுங்கள். பிறந்த தேதியையோ மைகாட் (அடையாள அட்டை) எண்ணின் துண்டையோ மட்டும் போடாதீர்கள்.

தோட்டத்துக்குள் ஒரு நிறுவனத்தின் அலைவரிசை கிடைக்கும் இடத்தில் இன்னொன்று கிடைப்பதில்லை. அதனால் பலர் இரண்டு சிம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டுகளில் இரண்டு அட்டைகளையும் நேராகச் செருகலாம். இங்கே விற்கும் பெரும்பாலான ஐபோன்களில் ஓர் அட்டைதான் போடலாம், மற்றது அட்டையே இல்லாமல் கைப்பேசிக்குள் பதியும் இ-சிம்மாக இருக்க வேண்டும். நினைவட்டை செருகும் வசதி ஐபோனில் என்றுமே இருந்ததில்லை.

இனி, இந்த மடலில் நாங்கள் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயம். புலனத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை வருகிறது. அனுப்பியவர் தெரிந்தவராகக்கூட இருக்கலாம், ஏனென்றால் அவருடைய கைப்பேசி ஏற்கெனவே திருடர்களின் பிடியில் இருக்கும். படமாகவோ பிடிஎப் ஆகவோ வர வேண்டிய பத்திரிகை ஒரு கோப்பாக வந்திருக்கும், அதன் பெயரின் கடைசியில் ஏபிகே (apk) என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அது ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு. வீடு சுத்தம் செய்து தருகிறோம், மலிவாகப் பொருள் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களும் இதே கோப்பைத்தான் கொடுத்து நிறுவச் சொல்கின்றன. தட்டி நிறுவிவிட்டால், குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டீர்கள் என்றால் பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டிஏசி என்ற ஒருமுறை எண் உங்கள் கண்ணில் படும் முன்னே அவர்களுக்குப் போய்விடும். இந்தத் திருட்டுகள் பெருகியதால்தான், குறுஞ்செய்தி டிஏசியை விட்டுவிட்டுப் பாதுகாப்பான வழிக்கு மாறும்படி நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளைக் கேட்டுக்கொண்டது.

ஏபிகே கோப்பு ஐபோனில் ஓடாது. நம் நாட்டில் ஐபோனுக்குச் செயலி வேண்டும் என்றால் ஆப் ஸ்டோர் வழியாகத்தான் போக வேண்டும். எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ள பெரியவர் வீட்டில் இருந்து, வசதியும் இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே ஐபோன் வாங்கலாம் என்பது எங்கள் எண்ணம். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குள் ‘அறியப்படாத செயலிகளை நிறுவுதல்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக இந்த அனுமதி உண்டு. புலனம், குரோம், கோப்பு மேலாளர் என்று எதற்கும் அது திறந்திருக்கக் கூடாது. செய்யத் தெரியவில்லை என்றால் கைப்பேசியைக் கொண்டுவாருங்கள். எங்கே வாங்கியதாக இருந்தாலும் பணம் வாங்காமல் செய்து தருகிறோம்.

ஐபோன்காரர்களும் அசந்துவிடக் கூடாது. வங்கியின் முகப்புப் பக்கம்போலவே செய்த போலிப் பக்கமும், காவல் நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி மிரட்டும் அழைப்பும் எந்த இயங்குதளம் என்று பார்த்து வருவதில்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே உங்கள் வங்கிக்கோ 997 என்ற எண்ணுக்கோ அழையுங்கள். மோசடிக்கென்றே 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மையத்தின் எண் அது. யாரிடம் சொல்வது என்று வெட்கப்பட்டு இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தால், தடுத்து நிறுத்தியிருக்கக்கூடிய பணமும் கை மாறிவிடும்.

பழைய ஐபோன் கேட்டு வரும் இளைஞர்கள் அதிகம். விலையை மட்டும் பார்க்காதீர்கள். 2017-இல் வந்த ஐபோன் 10 ஐஓஎஸ் 16-உடன் நின்றுவிட்டது. 2018-இன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டும் ஐஓஎஸ் 18-உடன் நின்றன. 2025-இல் வந்த ஐஓஎஸ் 26 வேண்டும் என்றால் ஐபோன் 11 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இயங்குதளம் பழையதானால் ஒருநாள் வங்கிச் செயலி கதவைச் சாத்திவிடும். அடுத்து, அமைப்புகளில் மின்கலத்தின் நலம் எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். ஐபோன் 14 வரையுள்ள மின்கலங்கள் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 விழுக்காடு கொள்ளளவு வைத்திருக்கும்படி செய்யப்பட்டவை, 15 முதல் அது 1,000 சுற்றுகள். எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தைய உரிமையாளர் தம் ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண் முன்னே வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் அதை எங்களாலும் திறக்க முடியாது. ஆண்ட்ராய்டிலும் கூகுள் கணக்கால் இதே பூட்டு விழும்.

ஆண்ட்ராய்டு இரண்டு ஆண்டில் கைவிடப்படும் என்ற பேச்சு இன்று முழு உண்மையில்லை. சாம்சுங் தன் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு 7 ஆண்டுகளும், விலை குறைந்த ஏ16-க்கு 6 ஆண்டுகளும் மேம்பாடு தருவதாக அறிவித்திருக்கிறது. எல்லா நிறுவனமும் அப்படியில்லை. எந்த மாடலுக்கு எத்தனை ஆண்டு என்று எங்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தவணையில் ஐபோன் கேட்கும் பெற்றோர்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். ஐந்தாம் படிவம் படிக்கும் மகன் ஆசைப்படுகிறான் என்பதற்காகச் சம்பளத்தில் பெரும்பகுதியை இரண்டு ஆண்டுகளுக்கு அடகு வைக்காதீர்கள். அவனுடைய படிப்புக்கு வேண்டிய எல்லாமே ஆயிரம் வெள்ளிக்கு உட்பட்ட நல்ல ஆண்ட்ராய்டில் நடக்கும். மேலும், நீங்கள் ஆண்ட்ராய்டும் மகன் ஐபோனும் வைத்திருந்தால், அவன் எவ்வளவு நேரம் பார்க்கிறான் என்பதை உங்கள் கைப்பேசியிலிருந்து கட்டுப்படுத்த முடியாது. ஆப்பிளின் திரைநேர வசதிக்குப் பெற்றோரிடமும் ஆப்பிள் கருவி இருக்க வேண்டும். கூகுளின் பேமிலி லிங்க், பிள்ளையிடம் ஆண்ட்ராய்டு இருந்தால், பெற்றோரின் ஐபோனிலிருந்தும் வேலை செய்யும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஆண்ட்ராய்டில் புலன உரையாடல்களின் காப்புநகல் கூகுள் கணக்கில் சேர்கிறது, ஐபோனில் ஐகிளவுடில் சேர்கிறது. ஒன்றில் சேமித்ததை மற்றதில் மீட்டெடுக்க முடியாது. 2022 முதல் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலி வழியாக ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு உரையாடல்களை நகர்த்தலாம். அதற்குப் புது ஐபோன் இன்னும் அமைக்கப்படாத நிலையில் இருக்க வேண்டும். ஆசையில் வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் அமைத்துவிட்டு மறுநாள் வந்தால், முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பழையதை யாருக்காவது கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதுவும் முடியாது. காலமான அப்பாவின் குரல் பதிவு பலருக்கு அந்த உரையாடலில் மட்டும்தான் இருக்கிறது. அது போனால் எந்தக் கடையாலும் திருப்பித் தர முடியாது.

கணக்கும் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும். கைப்பேசி விற்றவரே ஏதோ ஒரு ஜிமெயில் திறந்துகொடுத்து, கடவுச்சொல்லை யாரும் எழுதி வைக்காமல், பிறகு பூட்டு விழுந்து தவிக்கும் பெரியவர்கள் மாதந்தோறும் எங்களிடம் வருகிறார்கள். இங்கே வாங்கினால் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் கையாலேயே திறக்க வைப்போம். வீட்டில் வங்கிப் புத்தகம் வைக்கும் இடத்தில் கடவுச்சொல்லை எழுதி வையுங்கள்.

கடைக்கு வரும்போது பழைய கைப்பேசியை அழிக்காமல், முழுதாக சார்ஜ் ஏற்றிக் கொண்டுவாருங்கள். அதன் கம்பியையும் எடுத்து வாருங்கள், ஐபோன் 14 வரை லைட்னிங், 15 முதல் டைப்-சி என்பதால் இரண்டும் பொருந்தாது. ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் புலனத்தை மாற்றக் கம்பி கட்டாயம் வேண்டும். உரையாடல்களும் படங்களும் நிறைய இருந்தால் வேலை முடிய மணிக்கணக்கில் ஆகும். மாலையில் வராமல் கடை திறந்ததும் வந்துவிடுங்கள். பெரியவர்களுக்கு வாங்குகிறீர்கள் என்றால் அவர்களையும் அழைத்து வாருங்கள், எழுத்தின் அளவை அவர்கள் கண்ணுக்கு ஏற்ப இங்கேயே வைத்துத் தருகிறோம்.

அனைவருக்கும் இனிய தீபாவளி வாழ்த்துகள்.

இப்படிக்கு,
கைப்பேசிக் கடையினர்,
சுங்கை சிப்புட், பேராக்