பாய் நெய்கிறவர்களை உற்பத்தியாளர் பிரிவில் பதியக் கோரும் மனு

அனுப்புநர்:
பாய் நெசவாளர்கள்,
பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவில் தொழில் பிரிவைத் திருத்தித் தர முகாம் நடத்த வேண்டுதல்.

ஐயா, வணக்கம்.

தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறவைத்து, பாவு நூலில் கோத்துப் பாய் நெய்கிறவர்கள் நாங்கள். எங்கள் பாய்க்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் எங்களில் பலர் அரசாங்கக் கணக்கில் பாய்க்கடைக்காரர்களாக இருக்கிறோம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உதயம் பதிவுக்காக ஒரு கணினி மையத்துக்குப் போனேன். "பாய் விக்கியளா?" என்று கேட்டார்கள். வீட்டு வாசலில் நாலு பாய் தொங்கவிட்டு விற்பது உண்மைதானே, "ஆமா" என்றேன். நெய்வது யார் என்று கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. தேசியத் தொழில் வகைப்பாட்டில் சில்லறை வணிகத்துக்கான 47-ஆம் பிரிவில் பதிந்துவிட்டார்கள். பாய் போன்ற பின்னல் பொருள் உற்பத்தி 16-ஆம் பிரிவில் வருகிறது.

இரண்டு எண்தானே என்று தோன்றலாம். ஆனால் 2021 ஜூலையில் வணிகர்களை உதயம் பதிவில் சேர்த்தபோது, வங்கியின் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயனை மட்டும்தான் கொடுத்தார்கள். சரக்கை வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியோடு தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்வது, உற்பத்தியோ சேவையோ செய்கிற குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான். மொத்தமாகப் பாய் எடுத்துப் போகிறவர் மாதக்கணக்கில் பாக்கி வைத்தால் நான் எங்கே போய்க் கேட்பேன்?

அளவு விஷயத்திலும் ஒரு வருத்தம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் 2.5 கோடி ரூபாய் வரை முதலீடும் 10 கோடி வரை விற்றுமுதலும் உள்ள எல்லோரும் குறு நிறுவனம்தான். ஒற்றைத் தறிக்காரியும் கோடி ரூபாய் எந்திரம் வைத்தவரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். அது மத்திய அரசின் வரம்பு, தாங்கள் மாற்ற முடியாது. ஆனாலும் மாவட்டக் கணக்கில் வீட்டுத் தறிகளைத் தனியாக எண்ணி, மேலே எழுத முடியும்.

ஆகவே மாவட்டத் தொழில் மையம் மூலம் பத்தமடையிலேயே ஒரு நாள் முகாம் போட்டு, தறியைப் பார்த்து எங்கள் பதிவைத் திருத்தித் தர வேண்டுகிறோம். ஆதாரோடு இணைந்த செல்பேசி எண் மகனிடமோ மகளிடமோ இருக்கிற வீடுகள் நிறைய. அதனால் முன்கூட்டியே அறிவித்தால் நல்லது. அப்புறம், காருக்குறிச்சியில் மண்பாண்டம் செய்து வாசலிலேயே விற்கிறவர்களுக்கும் இதே நிலை இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். பதிவுக்கும் திருத்தத்துக்கும் கட்டணம் இல்லை என்பதை ஊராட்சி அலுவலகங்களிலும் பேரூராட்சி அலுவலகத்திலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பத்தமடை பாய் நெசவாளர்கள் சார்பாக,
ஒரு தறிக்காரி

இணைப்பு: உதயம் சான்றிதழ் நகல், தறியின் புகைப்படம்.