போகஸ் கட்டத்துக்கு ஒரு கரை வையுங்கள், அண்ணாச்சிமாரே!

கேமரா கம்பெனிகளில், கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரை வடிவமைக்கிற பொறியாளர் அண்ணாச்சிமாருக்கு,

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கல்யாணம், கோயில் கொடை, தசரா என்று எல்லாவற்றுக்கும் கேமரா தூக்குகிறவன் எழுதுகிறேன்.

குலசை (குலசேகரப்பட்டினம்) தசராவுக்கு நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி வேஷம் கட்டியவர்கள் சிவப்புச் சேலை, சிவப்புச் சாயம், தொங்கும் சிவப்பு நாக்கோடு கடற்கரை முழுக்க நிற்பார்கள். சூரசம்ஹாரத்து ராத்திரி அந்தக் கூட்டத்துக்குள், போகஸ் எங்கே விழுகிறது என்று வியூஃபைண்டரில் காட்டும் உங்கள் போகஸ் கட்டத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அதுவும் சிவப்பு! சரி, முகம் கண்டுபிடிக்கும் வசதியை நம்புவோம் என்றால், சாயமும் கிரீடமும் கோரைப்பல்லும் வைத்த முகத்தை அது பல நேரம் முகமாகவே மதிப்பதில்லை. பின்னால் பிளக்ஸில் கும்பிடு போடுகிற தலைவரின் கண்ணில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பச்சையும் இதே கதைதான். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் கருவேல மரத்துக்குள் இருக்கும் கூழைக்கடாக் குஞ்சைக் குறிவைத்தால், பச்சைக் கட்டம் இலையோடு இலையாகிவிடும். உள்ளே கண்ணாடி (மிரர்) வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் இன்னொரு வில்லங்கம் உண்டு. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் போகஸ் சென்சார் பார்க்கிற பரப்பு, வியூஃபைண்டரில் தெரியும் கட்டத்தைவிடப் பெரிதாக இருக்கும். கட்டம் குஞ்சின் கண்ணில் நிற்கும்; சென்சாரோ பக்கத்தில் பளிச்சென்று தெரியும் முள்ளைப் பிடித்துக்கொள்ளும். 'போகஸ் ஆச்சு' என்று விளக்கும் எரியும். எதில் ஆச்சு என்பதை வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முகூர்த்தத்துக்கு வாடகை பாடி எடுத்தால் நிறக் குழப்பம் வேறு. கேனான் மிரர்லெஸ்ஸில் (கண்ணாடி இல்லாத புதுவகை கேமரா) ஒருமுறை போகஸ் பிடித்து நிறுத்தும் ஒன் ஷாட்டுக்குப் பச்சை, நகர்வதைத் தொடர்ந்து பிடிக்கும் சர்வோவுக்கு நீலம். சோனியில் தொடர் போகஸிலும் பச்சைதான். தாலி கழுத்துக்குப் போகிற நேரத்தில் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவா முடியும்? (போகஸ் ஆனதும் வரும் பீப் சத்தம் இருக்கிறதே என்பீர்கள். கெட்டிமேளம் கேட்டிருக்கிறீர்களா?) சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத குறை ஆண்களிடம்தான் அதிகம். இந்தத் தொழிலிலும் ஆண்கள்தான் அதிகம்.

கண்ணாடி வழியாகப் பார்க்கிற கேமராவில் இதையெல்லாம் மாற்றுவது லேசில்லை, ஒத்துக்கொள்கிறேன். அப்படியும் 2012-ல் விற்பனைக்கு வந்த கேனான் 1டி எக்ஸில், சர்வோவின்போது கருப்பாகவே நின்ற போகஸ் புள்ளியைப் பிறகு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள்) மூலம் சிவப்பாக எரிய வைத்தார்களே. மிரர்லெஸ்ஸில் கட்டம் என்பது திரையில் மென்பொருள் போடுகிற கோடுதான். இதில் என்ன தயக்கம்?

வெள்ளைக் கோடு, அதற்கு இரண்டு பக்கமும் சேலைக் கரை மாதிரி மெல்லிய கருப்பு விளிம்பு. இருட்டிலும் தெரியும், உச்சி வெயிலில் தாமிரபரணி மணலிலும் தெரியும். போகஸ் தேடும்போது விட்டுவிட்ட கோடாகவும், பிடித்ததும் முழுக் கட்டமாகவும் வடிவமே மாறட்டும். நிறம் வேண்டுமென்றால் கூடுதலாக இருக்கட்டும். ஆனால் எந்த நிறம் என்பதை நாங்கள் தேர்ந்துகொள்கிறோம். சில மாடல்களில் வெள்ளை, சிவப்பு என்று இரண்டைக் கொடுத்துவிட்டு அத்தோடு நிறுத்திவிட்டீர்கள். குலசைக்கு மஞ்சளும் கூந்தன்குளத்துக்கு ஊதாவும் வேண்டும்.

இதைப் புது மாடலின் சிறப்பு அம்சமென்று விற்காமல், ஏற்கெனவே விற்ற மிரர்லெஸ் பாடிகளுக்கும் ஃபர்ம்வேராகக் கொடுங்கள். எங்கள் பக்கம் நிறைய பேர் கையில் இருப்பது செகண்ட் ஹேண்ட்தான்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கல்யாண போட்டோகிராபர்