புள்ளிகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்

தக்கலை

அன்புள்ள நண்பா,

நீ எழுதிய ஊர் நினைவுகளின் படி தபாலில் வந்து சேர்ந்தது. இங்கே விடாத மழை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்று கிடப்பதால் ஒரே மூச்சில் படித்துவிட்டேன். மதினிக்கு மூட்டுவலி குறைந்திருப்பது அறிந்து நிம்மதி.

எழுத்து நன்றாக வந்திருக்கிறது. ஆனால் என்னடா இத்தனை புள்ளி? வாக்கியத்துக்கு வாக்கியம் மூன்று, சில இடங்களில் ஏழெட்டு, கோலத்துக்குப் புள்ளி குத்திவிட்டு இழை போடாமல் எழுந்து போனதுபோல. படிக்கிறவன் கலங்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்ட இடத்திலெல்லாம் வைத்திருக்கிறாய். "அன்றைக்கு அவன் வந்திருந்தால்" என்று நிறுத்தினாலே மீதி தானாகத் தொங்கும். "போயிருக்கலாம்தான்", "என்ன நினைத்தாளோ" என்னும்போது இழுப்பும் ஏக்கமும் அந்தத் 'தான்', 'ஓ' இரண்டிலேயே வந்துவிடுகின்றன. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி கிடையாது. அதைப் படித்தும் நம்மவர்கள் அழுதிருக்கிறார்கள்.

புள்ளிக்கு உண்மையான வேலை எங்கே தெரியுமா? உ.வே.சா. 1894-இல் புறநானூற்றை அச்சிட்டார். அதில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. அச்சுப் பிரதியில் அந்த இடங்களில் புள்ளிகள்தான் நிற்கும். தம் புலமையைக் கொண்டு பள்ளத்தை நிரப்பிவிடாமல், இங்கே ஏதோ இருந்தது, இப்போது இல்லை என்று ஒப்புக்கொள்ளும் புள்ளிகள். பொரிந்துபோன கல்வெட்டுகளைப் படியெடுத்து அச்சிடுகிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு இந்த நாணயம் பிடித்திருக்கிறது.

அதே புள்ளியை வைத்து மோசடியும் செய்யலாம். "நாலுவழிச் சாலைக்கு நிலம் தருவோம், நியாயமான விலை கிடைத்தால்" என்று ஒருவர் சொன்னதை "நிலம் தருவோம்..." என்று முடித்துவிட்டால் அவர் பேச்சே தலைகீழ். உன் நான்காவது அத்தியாயத்தில் பழைய ஊர்க்கூட்டத் தீர்மானத்தை மேற்கோள் காட்டியிருக்கிறாயே, அங்கே நீ விட்ட வரிகள் என்ன? மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார். விட்டது நிபந்தனையாக இருந்தால் திரும்பச் சேர்த்துவிடு.

ஒன்றை மட்டும் தொடாதே. அம்மா "அந்த மாமரத்தை..." என்று சொல்லிவிட்டு ஓய்ந்ததாக எழுதியிருக்கிறாய். வெட்டச் சொன்னாளா, வெட்டாதே என்றாளா, உனக்கே தெரியாது. அங்கே மூன்று புள்ளி இருக்கட்டும். நான்காவது வேண்டாம்.

தம்பி மகளுக்கு நெய்யாற்றின்கரைப் பக்கம் சம்பந்தம் பேசி வருகிறோம். மாப்பிள்ளை வீட்டார் அலைபேசியில் எதற்கும் "சரி..." என்றே பதில் அனுப்புகிறார்கள். சம்மதமா, சங்கடமா என்று வீட்டில் தினமும் விவாதம். நேரில் போய்க் கேட்டுவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

சுசீந்திரம் மார்கழித் திருவிழாவுக்கு நீ வருவதாக இருந்தால் திருத்திய படியைக் கையோடு கொண்டுவா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்