மவுஸ் அசையலன்னா வேலை நடக்கலன்னு அர்த்தமா? மேனேஜர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேனேஜ்மென்ட்ல இருக்கற சார், மேடம் எல்லாருக்கும் குடியாத்தத்துல இருந்து வணக்கம்.

என் பேரும் போடல, கம்பெனி பேரும் போடல. மவுஸும் கீபோர்டும் எவ்ளோ நேரம் அசையுதுன்னு பர்சென்ட் போட்டு, ஸ்க்ரீன்ஷாட்டும் எடுக்கற ஆக்டிவிட்டி டிராக்கர லேப்டாப்ல ஏத்தி வெச்சிருக்கற எல்லாருக்கும் தான் இது.

போன மாசம் ஒரு நாள், ஒரே ஆர்டருக்கு கஸ்டமர் கிட்ட ரெண்டு வாட்டி பணம் கழியுதுன்னு புகார் டிக்கெட் வந்துச்சு. சர்வர்ல பதிவாகியிருந்த லாக் எல்லாம் பார்த்துட்டு, லேப்டாப்ப மூடிட்டு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கினு உக்காந்தேன். பேமென்ட் சர்வர் பதில் சொல்ல லேட் ஆனா நம்ம சர்வர் திரும்ப ஒருவாட்டி கேக்குது, அதுக்குள்ள அங்க முதல் ரிக்வெஸ்ட்டும் முடிஞ்சிடுது, ரெண்டுக்கும் பணம் போயிடுது, இத கோடு கிழிச்சி நேரம் எழுதி வரைஞ்சி கண்டுபுடிக்க ரெண்டரை மணி நேரம் ஆச்சு. புரோகிராம் கோட்ல மாத்துனது மொத்தம் நாலு லைன். அன்னிக்கு சாயந்திரமே பிரச்சனை நின்னு போச்சு. மறுநாள் காலைல மேனேஜர் கிட்ட இருந்து எனக்கு கால் வருது, இன்னான்னா, "நேத்து ஆக்டிவிட்டி 31 பர்சென்ட் தான் காட்டுது, மதியம் எங்க போயிருந்தீங்க?"

எங்கயும் போகல சார். அந்த வாரத்துலயே நான் ரொம்ப வேலை செஞ்சது அந்த மதியம் தான்.

எங்க அம்மா பீடி சுத்தி தான் என்ன இன்ஜினியரிங் படிக்க வெச்சாங்க. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம், மடியில முறம், இலைய வெட்டி தூள் போட்டு சுத்தி நூல் கட்டணும், ஆயிரம் பீடிக்கு இவ்ளோன்னு கூலி. சரியில்லன்னு கழிச்சி போடறதுல அநியாயம் நடக்கும், அது தனியா எழுத வேண்டிய கதை. ஆனா பீடிய எண்ணி வாங்கிக்கற ஏஜென்ட் கூட ஒரு நாளும் அம்மாகிட்ட எத்தன நிமிஷம் கைய ஆட்டுனீங்கன்னு கேட்டதில்ல, எத்தன பீடின்னு தான் கேட்டாரு. நீங்க பீடிய எண்ணாம கை ஆட்டறத எண்றீங்க.

ஃபிரெடரிக் டெய்லர்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் 100 வருஷத்துக்கும் முன்னாடி ஸ்டாப்வாட்ச் புடிச்சது ஃபேக்டரில இரும்பு தூக்கறவங்க வேலைக்கு. மூளைய வெச்சி வேலை செய்றவங்கள 1959லயே தனியா பிரிச்சி பேசுனவரு, மேனேஜ்மென்ட் பத்தி புக்கு எழுதுன பீட்டர் டிரக்கர். இவங்க வேலைல எவ்ளோன்றது மட்டும் இல்ல, எவ்ளோ நல்லாருக்குன்றதும் அதே அளவுக்கு முக்கியம், அவங்கள அவங்களே தான் நடத்திக்கணும்னாரு. 1982ல ஆப்பிள்ல வாராவாரம் எத்தன லைன் கோட் எழுதுனன்னு ஃபார்ம் குடுத்தாங்க, அங்க புரோகிராமரா இருந்த பில் அட்கின்சன் அந்த வாரம் கோட சுருக்கி வேகமா ஓட வெச்சிருந்தாரு, ஃபார்ம்ல மைனஸ் 2000ன்னு எழுதி குடுத்துட்டாரு. கொஞ்ச வாரத்துல அவர்கிட்ட ஃபார்ம் கேக்கறதயே நிறுத்திட்டாங்க.

நம்ம டீம்ல இன்னா நடக்குது தெரியுமா? 5 நிமிஷம் தொடலன்னா ஆபீஸ் சாட் ஆப் டீம்ஸ்ல பேருக்கு பக்கத்துல இருக்கற பச்ச போயி மஞ்சளாயிடும்னு முள்ளு ஓடற வாட்ச் மேல மவுஸ வெச்சிட்டு சாப்புட போறாங்க. புதுசா சேர்ந்த கே.வி.குப்பத்து பொண்ணு ஒன்னு, டாக்குமென்ட்ட நிதானமா படிச்சா சும்மா இருக்கறதா டிராக்கர் காட்டுதுன்னு சும்மா மேலயும் கீழயும் ஸ்க்ரோல் பண்ணிக்கினே இருக்கு, அதுக்கு ஒன்னும் மண்டைல ஏறல, சந்தேகம் கேக்கவும் பயம். அத பார்த்தா தான் எனக்கு வயிறு எரியுது.

ஏமாத்தறவங்களே இல்லன்னு சொல்லல. ஆனா வாட்ச் மேல மவுஸ் வெச்சவங்களுக்கு 95 பர்சென்ட் வருது, அவங்கள இந்த டிராக்கர் புடிக்காது. முடிக்க வேண்டியது முடியலன்றப்போ தான் தெரியும்.

அதனால கேக்கறது இது தான். ஸ்க்ரீன்ஷாட்டயும் அந்த பர்சென்ட்டயும் நிறுத்துங்க. திங்கக்கெழம திங்கக்கெழம ஒவ்வொருத்தர் கிட்டயும் கால் மணி நேரம் பேசுங்க, இன்னா முடிஞ்சது, எங்க மாட்டிக்கினு நிக்கறன்னு கேளுங்க. அந்த நோட்டு இன்னும் என்கிட்ட தான் இருக்கு. அடுத்த மாசம் காட்பாடில டிரெயின் ஏறி சென்னை ஆபீசுக்கு வரப்போ எடுத்துக்கினு வரேன், 31 பர்சென்ட்னு காட்டுன மதியம் இன்னா நடந்துச்சுன்னு பக்கம் பக்கமா காட்டறேன், ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க சார்.