சிவப்புப் புள்ளிக்குத் தூரம் குறிக்குமுன்

பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. குடியிருப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட நீ எழுதிய படக்குறிப்புகளைப் படித்தேன். இரண்டைத் தவிர மற்றதெல்லாம் சரி. ஒன்று, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில் ஒரு புள்ளிக்கு வட்டம் போட்டு, 'இவ்வளவு சிவப்பாக இருப்பதால் இதுதான் மிகத் தொலைவு' என்று எழுதியிருக்கிறாய். அதை அப்படியே விடாதேல. சிவப்பை வைத்துச் சந்தேகப்படலாம், தூரம் சொல்ல முடியாது.

முதலில் அந்த நிறமே நாம் பூசியது. வெப் பார்க்கும் ஒளியின் அலைநீளம் 0.6 மைக்ரானிலிருந்து சுமார் 28 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் கண் 0.7 பக்கத்திலேயே நின்றுவிடும். ஃபில்டர் ஃபில்டராகக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, நீண்ட அலைக்குச் சிவப்பும் குறுகியதற்கு நீலமும் கொடுத்து அடுக்குகிறார்கள். பொய் இல்லை, ஆனால் அது பெயர்த்து எழுதிய நிறம்.

தொலைவைச் சந்தேகிக்க வைப்பது வேறொரு அடையாளம். ஆதிகால கேலக்ஸிகளைச் சுற்றி இருந்த ஹைட்ரஜன், 0.1216 மைக்ரானுக்குக் குறுகிய ஒளியை விழுங்கி, அந்த இடத்தில் ஒளியை வெட்டிவிடும். அண்டம் விரிய விரிய அந்த வெட்டும் நீண்டுகொண்டே நம்மிடம் வருகிறது. 2025-இல் அறிவித்த மாம்-இசட்14 கேலக்ஸியை எடுத்துக்கொள். அதன் சிவப்புப்பெயர்ச்சி, அதாவது வரும் வழியில் ஒளியலை எவ்வளவு நீண்டது என்ற அளவு, 14.44. ஒன்றைக் கூட்டி 0.1216-ஐப் பெருக்கினால் 1.88 மைக்ரான். ஆக 0.9, 1.15, 1.5 மைக்ரான் ஃபில்டர்களில் அந்த இடம் காலி, 2.0-இல் கொஞ்சம் தெரியும், 2.77-இல் நன்றாகத் தெரியும். இந்த ஐந்து ஃபில்டர் படங்களையும் சதுரம் சதுரமாக வரிசையாக அச்செடுத்து ஒட்டு. வண்ணப்படத்தைவிட அதுதான் பிள்ளைகளுக்குப் புரியும்.

ஆனால் அந்த வெட்டும் ஏமாற்றும், கேட்டியா. 2022-இல் சீர்ஸ்-93316 என்ற புள்ளிக்கு ஃபில்டர் வெளிச்சத்தை மட்டும் வைத்து 16-க்கு மேல் சிவப்புப்பெயர்ச்சி சொன்னார்கள். அது உண்மையானால் பெருவெடிப்புக்குப் பிறகு 25 கோடி ஆண்டுக்குள் இருந்த கேலக்ஸி. 2023-இல் நிறமாலை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு) எடுத்தபோது வந்தது 4.9, அதாவது பெருவெடிப்புக்குப் பிறகு ஏறத்தாழ 120 கோடி ஆண்டு. தூசி நிறைந்த கேலக்ஸி, ஆகவே குறுகிய அலைகளில் மங்கல். அதோடு குறிப்பிட்ட அலைநீளத்தில் மட்டும் பளிச்சிடும் ஆக்சிஜன், ஹைட்ரஜன் உமிழ்கோடுகள் சரியாகச் சில ஃபில்டர்களுக்குள் விழுந்து வெளிச்சத்தை ஏற்றிக் காட்டிவிட்டன. அகன்ற ஃபில்டருக்குள் விழுவது கோடா, தொடர் ஒளியா என்று கேமராவுக்குத் தெரியாது.

அதைப் பிரித்துச் சொல்வது வெப்பில் உள்ள நியர்ஸ்பெக் என்ற நிறமாலைக் கருவி. அதில் நான்கு பாத்தியாகச் சுமார் இரண்டரை லட்சம் குட்டி ஜன்னல்கள். ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் அகலம், 0.2 மில்லிமீட்டர் உயரம். பத்தமடைப் பட்டுப்பாயின் பின்னல்கூட இதற்கு முரடு. காந்தம் ஒன்று மேலே நகர்ந்து எல்லாக் கதவையும் திறக்கும். வேண்டியவற்றை மட்டும் மின்னழுத்தம் பிடித்து வைக்கும், மற்றவை மூடிக்கொள்ளும். வழக்கமாக ஒரு கேலக்ஸிக்கு மூன்று ஜன்னலைத் திறந்து, புள்ளியை ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தி எடுத்து, வெற்று வானத்தின் ஒளியைக் கழிப்பார்கள். சில கதவுகள் மூடியபடி சிக்கிவிட்டன. அங்கே விழும் கேலக்ஸி போச்சு. சில திறந்தே கிடக்கின்றன. அதன் வழியாக வேண்டாத ஒளி வந்து பக்கத்து நிறமாலையில் படியும். எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் அந்த இடம் ஒளிர்ந்து, மணிக்கணக்கில் எடுத்த பதிவைக் கெடுத்துவிடும். ஆகையால் நிறமாலை எடுத்த புள்ளிகள் கொஞ்சம்தான். எடுக்காததற்கெல்லாம் 'தொலைவாக இருக்கலாம்' என்றே எழுது.

இன்னொன்று. '1,350 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது' என்று போட்டிருக்கிறாய். ஒளி பயணப்பட்ட காலம் 1,350 கோடி ஆண்டு. வரும் வழியெல்லாம் அண்டம் விரிந்ததால், இப்போதைய தூரம் 3,300 கோடி ஒளியாண்டுக்கும் மேல். இரண்டையும் ஒரே வரியில் குழப்பாதே.

வெப்பால் முடியாததையும் ஒரு அட்டையில் எழுது. 6.5 மீட்டர் கண்ணாடி 2 மைக்ரானில் பிரித்துக் காட்டுவது, முழுநிலவின் குறுக்களவில் சுமார் 25,000-இல் ஒரு பங்கு. அத்தனை தொலைவு கேலக்ஸியில் அது ஏறத்தாழ 800 ஒளியாண்டு அகலம். ஆகவே தனி விண்மீன் தெரியாது. நடுவில் ஒரு கேலக்ஸிக் கூட்டம் லென்ஸாக நின்று பெருக்கினால் மட்டும் வாய்ப்புண்டு. குளிர்ந்த ஹைட்ரஜனின் ஒளிர்வும் அதற்கு எட்டாது. அது 21 செ.மீ. ரேடியோ அலை. அதைப் பிடிக்க உன் புனேக்குப் பக்கத்து நாராயண்காவில் 45 மீட்டர் தட்டுகள் முப்பது இருக்கின்றன, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ. ஒளியே விடாத கரும்பொருளும் நேராகத் தெரியாது; பின்னால் வரும் ஒளியை அது வளைப்பதைக் கொண்டு கணக்கிடுகிறார்கள்.

புற ஊதாவும் வெப்புக்கு இல்லை. அதற்கு ஹபிள் தொலைநோக்கி உண்டு, நம் நாட்டு விண்வெளித் தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட் உண்டு. 930 கோடி ஆண்டு பயணப்பட்டு வந்த ஒரு கேலக்ஸியின் அதிதீவிரப் புற ஊதாவை ஆஸ்ட்ரோசாட்டில் கண்டதாக 2020-இல் அறிவித்தது உன் ஊர் ஐயூகா வானியல் ஆய்வு மையக் குழு. 2015-இல் அதை ஏற்றிப்போன பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது விகாஸ் எஞ்சின். அந்த எஞ்சினை எரித்துச் சோதிப்பது நம் மகேந்திரகிரியில். இதைக் கட்டாயம் சொல்லு, அம்மாவுக்காக.

கார்த்திகையில் லீவு கிடைத்தால் வா. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வடக்கே பாதி வானத்துக்கு மேல் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி நிற்கும். காரையாறு பக்கம் மின்விளக்கு இல்லாத இடமாகப் போனால் வெறுங்கண்ணுக்கே மங்கிய திட்டாகத் தெரியும், 25 லட்சம் ஒளியாண்டு. அதுவரை அச்சகத்துக்குக் கொடுக்காதே. திருத்திய குறிப்பை முதலில் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா