பழைய ஷீட்டை உடைக்காமல் கழற்றுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐப்பசி மழைக்கு முன்பு பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்துவிட்டுத் தகர ஷீட் போடும் வேலை பல ஊர்களில் மும்முரமாக நடக்கும். சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிக் கீழே தள்ளிவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் ஆபத்தே அந்த உடைப்பில்தான் இருக்கிறது.

ஷீட்டின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். மீதி பெரும்பாலும் சிமென்ட். விரிசல் இல்லாமல் கூரையில் கிடக்கும்வரை நார் பெருமளவு சிமென்ட்டுக்குள் அடங்கியிருக்கும். உடைத்தாலோ, கட்டிங் மெஷினால் அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்துவிடும். மூச்சோடு உள்ளே போகும் இழைகளில் சில, நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் போய்த் தங்கிவிடும். அந்த உறையில் வரும் அரிய புற்றுநோய்தான் மீசோதீலியோமா. 20 முதல் 50 ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். பீடி, சிகரெட் தொடாதவருக்கும் வரும். கல்நார் வேலை பார்த்தவரின் சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கு வந்ததும் உண்டு.

கழற்றும் முறை கடினமானதல்ல. முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, பூவாளியாலோ ஸ்பிரேயராலோ ஷீட்டின் இரு பக்கத்தையும் நனைத்துவிடுங்கள்; வேலை முடியும்வரை ஈரம் காயக்கூடாது. வேகமாகப் பீய்ச்சும் பம்பு வேண்டாம், அதுவே இழையைக் கிளப்பிவிடும். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட் துருப்பிடித்திருந்தால் சுத்தியலால் அடிக்காமல் போல்ட் கட்டரால் வெட்டுங்கள். ஷீட்டின்மேல் ஏறி நிற்கவே கூடாது. பழைய ஷீட் சட்டென்று முறிந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். முழு ஷீட்டாக இருவர் பிடித்துக் கீழே இறக்கி, கனமான பாலிதீன் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டுங்கள். சிதறிய துண்டுகளை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்; துடைப்பம் போடாதீர்கள். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வதாலோ சர்ஜிக்கல் மாஸ்க்காலோ பயனில்லை. முகத்தில் இறுகப் பொருந்தும் பி100 (மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும்) வடிகட்டி உள்ள முகக்கவசம் தேவை. வேலைத் துணியை உதறாமல் நனைத்து, தனியாகத் துவைக்க வேண்டும்.

அதன்பிறகு ஷீட்டை எங்கே போடுவது? இதற்கு வீட்டுக்காரரிடம் பதில் இல்லை. அதனால்தான் தெருப் பள்ளத்திலும் குளக்கரையிலும் கொட்டுகிறார்கள். அதன்மேல் லாரி ஏறி நொறுக்குகிறது. 2018 கஜா போன்ற புயலுக்குப் பிறகு இந்தக் குவியல் எவ்வளவு சேரும் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளாட்சிகள் இதைக் கட்டட இடிபாடுகளோடு கலக்காமல் தனியாக வாங்கி, அபாயக் கழிவு கையாளும் இடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டுக்காரரிடம் இதற்குக் கட்டணம் கேட்டால் குப்பை மறுபடியும் குளக்கரைக்கே போகும்.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு பக்க நெஞ்சில் நீர் கோத்து வருபவருக்கு நம் ஊரில் முதலில் காசநோயைச் சந்தேகிப்பது சரிதான். ஆனால் நீர் திரும்பத் திரும்பக் கோத்தால், எடுத்த நீரில் புற்றணு இல்லை என்ற ஒரு முடிவோடு நிறுத்திவிடாதீர்கள். மீசோதீலியோமா அந்தச் சோதனையில் பலமுறை தப்பிவிடும். நுரையீரல் உறையிலிருந்தே சதைத்துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு முன் என்ன வேலை செய்தார் என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். கல்நாரால் வரும் மீசோதீலியோமா இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) இப்போது அடங்கியுள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் அட்டவணையில் தொழில்நோயாக இருக்கிறது. ஆலைத் தொழிலாளியின் குடும்பம் அந்த உரிமையைக் கேட்கப் போகும்போது கையில் இருக்கப்போவது அந்த ஒரு வரிதான்.

– தொழில்நல மருத்துவர் ஒருவர், கடலூர்